பானட்டில் ஒரு வழக்கு

மழை வந்தால் ஊரில் எல்லோரும் காரை உள்ளே விடுவார்கள். என் வீட்டுக்காரர் வெளியே எடுப்பார். வீட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காருக்கென்றே ஒரு தகரக் கொட்டகை கட்டியிருக்கிறார். வெயில், தூசி, காக்கை, பக்கத்து வீட்டுப் பந்து என்று எல்லாவற்றிலிருந்தும் அது காரைக் காப்பாற்றும். ஆனால் முதல் தூறல் விழுந்ததும் மனிதர் பனியனோடு ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து, காரைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தி, குடையோடு பக்கத்தில் நிற்பார். குடை அவருக்கு. கார் நனைய வேண்டும்.

எதற்கு என்று கேட்டால், துளி பார்க்க. மெழுகு பூசிய பெயின்ட்டின் மேல் தண்ணீர் பரவாது. எண்ணெய் தடவிய வாணலியில் கை கழுவிய தண்ணீரைத் தெளித்தால் உருண்டு திரண்டு நிற்குமே, அப்படி நிற்கும். காரின் முன்மூடியான கருநீல பானட் முழுக்கப் பெரிதும் சிறிதுமாகத் துளிகள் நிற்பதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வரும் களையை எங்கள் கல்யாணப் புகைப்படத்தில்கூட நான் பார்த்ததில்லை. "முத்து முத்தா நிக்குது பாரு" என்பார். பார்ப்பேன். நிற்கும். உடனே போனில் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவார். போன மழையின் படத்துக்கும் இந்த மழையின் படத்துக்கும் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி வாசலுக்கு வந்தால் அவரையும் கூப்பிட்டுக் காட்டுவார். நீதிபதி குனிந்து பார்த்து "ம்" என்பார். அது பாராட்டா, அனுதாபமா என்று தெரியாது. இருபது வருஷம் நீதிமன்றத்தில் அதே "ம்"மை வைத்துத்தான் காலம் தள்ளினாராம்.

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவெடுக்கிறவர். அவருக்குத் தூரப்பார்வை நன்றாகவே இருக்கிறது. கிட்டத்தில் இருக்கும் பெண்டாட்டிதான் கொஞ்சம் மங்கல்.

நான் வானொலியில் வேலை பார்க்கிறேன். பல வருஷம் மத்தியானச் சந்தை நிலவரம் படித்தேன். வெங்காயம் ஏறியது, உருளைக்கிழங்கு இறங்கியது என்று நான் படித்ததை யார் கேட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும். ஒரு நாள் கடையில் ரேடியோ வாங்கி வைக்கச் சொன்னேன். "வர்றவங்களை எழுத்து படிக்கச் சொல்றப்போ பின்னாடி யாராவது பேசிட்டே இருந்தா தொந்தரவும்மா" என்றார். யாராவது என்றால் நான். அது எனக்கு வலித்தது.

அப்புறம் இந்த வருஷம் எனக்குக் காலை நிகழ்ச்சி கிடைத்தது. காலை ஆறு மணி. ஊரே பல் தேய்த்துக்கொண்டு கேட்கும் நேரம். செய்தி, வானிலை, நேயர் கடிதம், நடுநடுவே என் சொந்தப் பேச்சு. அந்த நேரத்துக்காக நிலையத்தில் எத்தனை பேர் தவம் கிடந்தார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் கிடந்தேன். கிடைத்த அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கிடைத்த கொஞ்ச நாளிலேயே சிக்கனம் என்று சொல்லி, காலையில் ஆள் ஏற்றும் வேனை நிலையம் நிறுத்திவிட்டது. முதல் பஸ் எங்கள் பக்கம் வரும்போது என் நிகழ்ச்சி பாதி முடிந்திருக்கும். வாடகைக் கார்க்காரர்கள் "அஞ்சு நிமிஷம் மேடம்" என்பார்கள், பிறகு போனையே எடுக்க மாட்டார்கள். எங்களிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. கார் வந்ததும் இனி எதற்கு என்று விற்றுவிட்டோம். ஆக, ஸ்கூட்டரும் போயிற்று, காரும் கொட்டகைக்குள் போயிற்று.

"நீங்க கொண்டுபோய் விடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"அந்த ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கான். இப்பதானே மெழுகு போட்டிருக்கேன்."

"சரி, நானே ஓட்டிட்டுப் போறேன். லைசென்ஸ் இருக்குல்ல?"

"அது பழைய கார் ஓட்டினப்போ வாங்கினது."

பழைய காரை நான்தான் ஓட்டினேன். மார்க்கெட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, அவருடைய அம்மாவை ரயிலேற்ற, எல்லாவற்றுக்கும். அது அழுக்காக இருந்தவரை அதை யார் ஓட்டினாலும் அவருக்குக் கவலை இல்லை. புதுக் கார் வந்து, யாரோ பழவாசனை வீசும் ஒரு டப்பா மெழுகைக் கையில் கொடுத்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. வெயில் நாளில் தூசி என்றார். மழை நாளில் சேறு என்றார். இரண்டும் இல்லாத நாளில் "இன்னிக்கு இருக்கட்டுமே, மெழுகு நல்லா பிடிக்கட்டும்" என்றார். கார் வாங்கிய காசில் பாதி என் சம்பளம். அந்தப் பாதி எந்தப் பக்கம் என்று ஒரு நாள் கேட்டேன். அவர் மெழுகுத் துணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

நான் தாமதமாகப் போனேன். பின்னொரு நாளும் தாமதமாகப் போனேன். அன்றைக்கு நான் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது, என் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்து கணீரென்று வானிலை படித்துக்கொண்டிருந்தாள். நிலைய அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, திட்டாமல், டீ கொடுத்தார். அதுதான் பயமாக இருந்தது.

"உங்க குரலுக்காகத்தான் கொடுத்தோம்மா. ஆனா ஆறு மணிக்கு ஸ்டுடியோல குரல் இருக்கணும்ல? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அந்தப் பொண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்து கொட்டகையைப் பார்த்தேன். உள்ளே கார் பளபளவென்று, யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் தம்பி பாட்டிலோடு வந்தான்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் முதலில் மெத்தை விற்றான். பிறகு கொசுவலை. பிறகு தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின். எதை விற்றாலும் அதுதான் உலகத்திலேயே உசத்தி என்று மனதார நம்புவான். வாங்குகிறவர்கள்தான் நம்ப மாட்டார்கள். அதனால் மூன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. இப்போது காருக்குப் பூசும் சீலன்ட் ஏஜென்சி எடுத்திருந்தான். ஷாம்பு பாட்டில் மாதிரி ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.

"மாமா, மெழுகெல்லாம் பழைய கதை. வெயில் ஏறினா இளகிடும். ரெண்டு மாசத்துல இருந்த இடம் தெரியாது. இது செயற்கையா செஞ்சது. பெயின்ட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். ஒரு தடவை போட்டா மாசக்கணக்குல நிக்கும்."

"தண்ணி நிக்குமா?" என்றார் இவர்.

"தண்ணி எதுக்கு மாமா நிக்கணும்?"

அந்தக் கேள்விக்கு அப்போதே யாராவது உட்கார்ந்து பதில் சொல்லியிருந்தால் இவ்வளவு கூத்தும் நடந்திருக்காது. ஆனால் இவர் வீட்டுக்கூரை பறக்கிற மாதிரி சிரித்தார். "மாப்ள, கண்ணாடிக்குக் கோட்டிங் போடறதே என் தொழில். என்கிட்டயே வந்து பாடம் எடுக்கறியா?" என்றார். தம்பிக்கு ரோஷம் வந்தது. "உங்க மெழுகுல அந்தப் பழவாசனைதான் மாமா இருக்கு, வேற என்ன இருக்கு?" என்றான். இவர் உள்ளே போய் மெழுகு டப்பாவை எடுத்துவந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தார். இரண்டு பேருக்கும் நடுவே என் சோற்றுத் தட்டு இருந்தது.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. நாளைக்கு எந்த வண்டியைப் பிடித்து எப்படி வேலைக்குப் போவது என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே இரண்டு பேரும் தண்ணீருக்காக மல்லுக்கு நிற்கிறார்கள்.

"பானட்டைப் பாதி பாதியா பிரிச்சுக்கங்க" என்றேன். "இந்தப் பக்கம் மெழுகு, அந்தப் பக்கம் அது. மழை வந்ததும் பாருங்க. மெழுகு ஜெயிச்சா நான் இனிமே கார்ங்கிற வார்த்தையையே எடுக்கல. தம்பி ஜெயிச்சா சாவி எனக்கு. தினமும் நான்தான் ஓட்டுவேன்."

இவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "சரி" என்றார். ஜெயித்தாகிவிட்டது என்கிற தோரணை. தம்பியும் "சரி" என்றான். அவனுக்கும் ஜெயித்தாகிவிட்டது.

"ஏன், குழாய்த் தண்ணிய இப்பவே ஊத்திப் பாக்கக்கூடாதா?" என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் முதல்முறையாக ஒரே கட்சியில் சேர்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீராம். காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுமாம். அதோடு, பைப்பை வைத்து மெதுவாக விட்டால் எந்த பானட்டிலும் தண்ணீர் மொத்தமாக வழிந்து ஓடிவிடுமாம், தெளித்தால் எந்த பானட்டிலும் துளியாக நிற்குமாம். ஆளுக்குத் தகுந்த மாதிரி சாட்சி சொல்லும் தண்ணீர். மழைதான் நடுநிலை என்றார்கள்.

அன்று சாயங்காலம் பானட்டைக் கழுவி, துடைத்து, நடுவில் டேப் ஒட்டினார்கள். நடு எது என்பதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி அளக்கும் ஸ்கேலைக் கடையிலிருந்து எடுத்துவந்து இவர் அளந்தார். பிறகு இடது பக்கம் இவர் பஞ்சில் மெழுகைத் தொட்டு வட்ட வட்டமாகத் தேய்த்தார். அது மங்கலாகக் காய்ந்ததும் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கினார். வலது பக்கம் தம்பி பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டு, மெல்லிசாக இழுத்து, "விடியிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது" என்றான். படவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறமும் மழை வரவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மழை வருமா வராதா என்று ஊருக்குச் சொல்லுகிறவள் நான். வானிலை மையம் அனுப்புவதை நான் படிக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் அதை நானே தயாரிப்பதாக நினைத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் கடையில் ரேடியோ வாங்கி வைத்து, வானிலைக்காகவே காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்தார். இத்தனை வருஷம் என் குரல் நுழையாத கடை. நான் உள்ளுக்குள் பூரித்துப் போனேன். மறுநாள் ஆசையாகக் கேட்டேன்.

"நேயர் கடிதம் பகுதி கேட்டீங்களா?"

"இல்லம்மா. வானிலை முடிஞ்சதும் அணைச்சுட்டேன். பேட்டரி வீணாகுது."

தம்பியும் அப்படியே. "லேசான மழைக்கு வாய்ப்பு உண்டு" என்று நான் படித்த நாளெல்லாம் வெயில் கொளுத்தும். சாயங்காலம் போன் வரும். "அக்கா, நீ சொன்னதை நம்பி வியாபாரத்துக்குப் போகாம உக்காந்திருந்தேன்." இவரும் பக்கத்திலிருந்து, "உங்க ரேடியோவுக்கு என்னதான் தெரியும்?" என்பார். நான்தான் மழையை எங்கோ ஒளித்துவைத்திருக்கிறேன் என்கிற மாதிரி பேச்சு.

அதற்குள் சந்தேகங்கள் வேறு. தூசி படிந்தால் மெழுகு சரியாக வேலை செய்யாது என்று இவர் தன் பக்கத்தை மட்டும் தினமும் துடைத்தார். தம்பி வந்து டேப்பின் ஓரத்தை மோந்து பார்த்து, "மாமா, திருட்டுத்தனமா இன்னொரு கோட் போட்டிருக்கீங்க. பழவாசனை வருது" என்றான். இவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கொட்டகைக்கு இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவி இவரிடம், ஒரு சாவி தம்பியிடம் என்று ஏற்பாடு. இரண்டு பேர் வந்தால்தான் திறக்க முடியும். கஜானா கெட்டது. நானோ விடியும் முன்பே வாசலில் நின்று, போனில் யாராவது டிரைவரிடம் "அண்ணே, எங்கே வர்றீங்க?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். எப்படியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒருமுறை பால் வண்டியில்கூடப் போனேன்.

மழை ஒரு நாள் வந்தது. வானிலை அறிக்கையில் வறண்ட வானிலை என்று நான் படித்ததற்கு மறுநாள்.

விடிகிற நேரம். நான் கிளம்பி வாசலில் குடையோடு நின்றிருந்தேன். என் அலாரத்துக்கு ஒரு நாளும் எழுந்திராத மனிதர், தகரத்தின் மேல் மழை விழுந்த முதல் சத்தத்துக்குத் துள்ளி எழுந்துவந்தார். தம்பி பக்கத்துத் தெருதான். இவர் போனை எடுப்பதற்குள் அவன் சொட்டச் சொட்ட வந்து நின்றான். இரண்டு சாவியும் சேர்ந்தன. கார் தெருவுக்கு வந்தது. இஞ்சினை அணைக்காமல், உள்விளக்கையும் முன்விளக்கையும் போட்டுவிட்டு, டேப்பைப் பயபக்தியோடு உரித்து எடுத்தார்கள். இரண்டு பேரும் குனிந்தார்கள்.

இடது பக்கம் முழுக்கத் துளிகள். தடித்து, உருண்டு, தெருவிளக்கை ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு நின்றன. வலது பக்கத்தில் விழுகிற தண்ணீர் ஒன்றோடொன்று கைகோத்துத் தகடாக வழிந்து ஓரத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. அங்கங்கே பொடித் துளிகள் தவிர அந்தப் பக்கத்தில் எதுவும் தங்கவில்லை.

"ஜெயிச்சாச்சு!" என்றார் இவர்.

"ஜெயிச்சாச்சு!" என்றான் தம்பி, அதே மூச்சில்.

பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன மாப்ள, கண்ணு தெரியலியா? என் பக்கம் எப்படி நிக்குது பாரு! உன் பக்கம் ஒரு துளி நிக்குதா?"

"அதைத்தான் மாமா நானும் சொல்றேன். ஒரு துளி நிக்குதா? அத்தனையும் ஓடிப்போச்சு! உங்க பக்கம் அப்படியே தேங்கி நிக்குது. வெயில் வந்தா அத்தனையும் கறையாகும்."

"தேங்கி நிக்குதா? அது தேக்கமா? முத்து முத்தா..."

"முத்தை வச்சு என்ன பண்றது? மாலையா கோக்கப் போறீங்க?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். எத்தனை நாள் காத்திருந்தார்கள், எத்தனை பூட்டுப் போட்டார்கள். தண்ணீர் நின்றால் வெற்றியா, போனால் வெற்றியா என்று மட்டும் பேசிக்கொள்ளவில்லை. நானும்தான் பேசவில்லை. என் வேலையையே இதில் பணயம் வைத்தவள், அதைக் கேட்கத் தோன்றாமல் போனேனே.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு நீதிபதி குடையோடு இறங்கி வந்தார். இரண்டு பேரும் பாய்ந்துபோய் ஆளுக்கொரு பக்கம் நின்று, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் பானட்டின் இடது பக்கம் குனிந்து "ம்" என்றார். வலது பக்கம் குனிந்து "ம்" என்றார். பிறகு நிமிர்ந்தார்.

"ஜெயிக்கிறதுன்னா என்னன்னு முன்னாடியே பேசிக்கிட்டீங்களா?"

"அது தெரிஞ்சதுதானே சார்!" என்றார்கள் இருவரும்.

"சிக்கலான விஷயம்" என்றார் நீதிபதி. அவர் குரலில் பல வருஷமாக இல்லாத ஒரு தெம்பு இருந்தது. "ரெண்டு தரப்பையும் விரிவா கேக்கணும். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒத்தி வைக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து என் போன் சிணுங்கியது. மழையில் வர முடியாதாம். வாடகைக் கார் ரத்து.

எனக்குக் கண் இருட்டியது. ஸ்டுடியோவில் என் நாற்காலியும் அதில் அந்தப் பெண்ணும் கண்முன் வந்தார்கள். கணீரென்று படிப்பாள். நன்றாகத்தான் படிப்பாள். அப்போதுதான் பார்த்தேன். தெரு நடுவில் இஞ்சின் ஓடிக்கொண்டு, விளக்கு எரிந்துகொண்டு, டிரைவர் பக்கக் கதவு திறந்தபடி ஒரு கார் நின்றுகொண்டிருக்கிறது.

"ஐயா" என்று நீதிபதியைக் கூப்பிட்டேன். "தீர்ப்பு வர்ற வரைக்கும் வழக்குல இருக்கற பொருள் யார்கிட்ட இருக்கணும்?"

நீதிபதி என்னைப் பார்த்தார். என் கைப்பையைப் பார்த்தார். காலையில் பல் தேய்த்துக்கொண்டு ரேடியோ கேட்கிறவர்களில் அவரும் ஒருவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"யாருக்கு அவசரத் தேவை இருக்கோ அவங்ககிட்ட" என்றார். "இது இடைக்கால உத்தரவு."

நான் குடையை மடக்கி உள்ளே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சீட்டை முன்னால் இழுத்தேன். என் வீட்டுக்காரர் பானட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏய், என்ன பண்றே? சாட்சியே அதுதான்! அசைச்சா அழிஞ்சிடும்!"

"நகர்றீங்களா, ஏறுறீங்களா?"

அவர் ஏறினார். தன் முத்துகளைத் தனியே அனுப்ப மனமில்லை. தம்பி பின்சீட்டில் ஈரத்தோடு விழுந்தான். சீட் நனைகிறதே என்று இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்வை முழுக்க பானட்டில்தான்.

தெருவைத் தாண்டும்வரை "மெதுவா, மெதுவா" என்றார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவருடைய துளிகள் குலுங்கின, இவரும் குலுங்கினார். தோண்டிப்போட்ட ரோட்டில் எதிரே வந்த லாரி ஒன்று சேற்றுத் தண்ணீரை வாரி பானட் முழுக்க அடித்துவிட்டுப் போனது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது அந்தச் செந்நிறத் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒட்டாமல் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா மாமா?" என்றான் தம்பி.

பெரிய சாலை வந்தது. மழை தூறலாகக் குறைந்திருந்தது. நான் வேகத்தைக் கூட்டினேன். இடது பக்கத்துத் துளிகள் முதலில் நடுங்கின. பிறகு ஒன்று நகர்ந்தது. மேல்நோக்கி, எங்களை நோக்கி. அது இன்னொன்றை இடித்து, இரண்டும் சேர்ந்து ஓடின. அப்புறம் பானட் முழுக்க ஒரே ஓட்டம். எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வந்து வைப்பரில் காணாமல் போயின. சற்று நேரத்தில் இடது எது, வலது எது என்று பெற்றவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

"போச்சு" என்றார் இவர், மெல்ல.

"ரெண்டும் ஒண்ணாயிடுச்சு மாமா" என்றான் தம்பி. அவன் குரலிலும் சுரத்தில்லை.

கொஞ்ச தூரம் போனோம். புதுத் துளிகள் விழுந்தன, திரண்டன, ஓடின. இவர் முன்னால் சாய்ந்து டேஷ்போர்டில் கை ஊன்றிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் வேகமா போயேன்" என்றார்.

"என்னங்க?"

"இல்ல... அது ஓடறது நல்லா இருக்கு. நின்ன இடத்துலயே பாத்ததால இது தெரியல."

நிலைய வாசலில் நான் இறங்கியபோது நேரம் இருந்தது. தலை துவட்டிக்கொள்ளக்கூட நேரம் இருந்தது. சாவியை எடுத்துக் கைப்பையில் போடப் போனவள், மழையில் இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்வார்கள் என்று அதை அப்படியே விட்டு, ரேடியோவைத் திருகிவைத்துவிட்டுப் போனேன். புதுப் பெண் வராந்தாவில் காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "வந்துட்டீங்களா மேடம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

மழை மறுபடி வலுத்து ஜன்னலில் அறைந்துகொண்டிருக்க, வறண்ட வானிலையே நிலவும் என்று மையம் அனுப்பியிருந்ததைப் படித்தேன். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, "எதற்கும் குடை எடுத்துச் செல்லுங்கள், நான் நனைந்துதான் வந்திருக்கிறேன்" என்று என் பங்குக்குச் சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்து வந்தபோது வெயில் வந்திருந்தது. தம்பி பின்சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். இவர் காரில் சாய்ந்து நின்றார். பானட்டில் காய்ந்த சேற்றுப் பொட்டுகள். இவர் கையில் துணி இல்லை.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். உன் தம்பி அணைக்க விடல." கொஞ்சம் தயங்கினார். "ரேடியோல உன் குரல் ரொம்ப இதமா இருக்கு. வீட்ல ஏன் இப்படிப் பேச மாட்டேங்கறே?"

"வீட்ல யாரு கேக்கறா?"

அவர் சாவியை எடுக்கக் காருக்குள் நீட்டிய கையைத் தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டார். நான் டிரைவர் பக்கம் போய் ஏறிக்கொண்டேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வழியில் பார்த்தால் நீதிபதி, "ரெண்டு பக்கமும் வலுவா இருக்கு, பரிசீலனையில் வச்சிருக்கேன்" என்கிறார். அவர் தீர்ப்பே சொல்லாமல் ஓய்வு பெற்ற வழக்குகள் நிறைய என்று ஊரில் பேச்சு. அவர் ஆயுசு கெட்டியாக இருக்கட்டும். இடைக்கால உத்தரவு அமலில் இருக்கிறது. தினமும் விடியும் முன்பு நான் காரை எடுக்கிறேன். கொட்டகையில் இப்போது தம்பியின் விற்காத பாட்டில்கள்தான் இருக்கின்றன.

மழை நாளில் மட்டும் என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே எழுந்து, சட்டை போட்டுத் தலைவாரி, பக்கத்து சீட்டில் தயாராக உட்கார்ந்திருப்பார். நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டார், "நாளைக்கு மழை உண்டா?"

"காலையில ரேடியோல சொல்வேன்" என்றேன். "கேளுங்க."